நிமிடங்கள் கேட்கும் கணக்கு

(விருதுநகர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

நாடகம் எழுதுகிறவன் நான். நாடகத்திலே காவலருக்கென்று ஓர் இடம் உண்டு. அது கடைசிக் காட்சி என்பதை நீங்கள் அறிவீர்கள். கொலையும் கொள்ளையும் நடந்து முடிந்து, கதாநாயகன் கயவனை அடித்து வீழ்த்திய பிறகு, "யாரும் அசையாதீர்கள்!" என்ற முழக்கத்தோடு காவலர் நுழைவார். கொட்டகையிலே சிரிப்பொலி கிளம்பும், சீழ்க்கை பறக்கும், திரை விழும். மேடையிலே அது வேடிக்கை. ஏனெனில், செத்து வீழ்ந்தவன் திரை மறைந்ததும் எழுந்து, அரிதாரம் கலைத்து, தேநீர் அருந்தப் போய்விடுவான். வாழ்க்கையிலே வீழ்ந்தவன் எழுவதில்லையே, தோழர்களே! அங்கே கடைசிக் காட்சியில் வந்து நிற்கும் காவலுக்குக் காவல் என்று பெயரிட எனக்கு நா எழவில்லை.

இன்று உங்கள் முன்னால் இலக்கியம் பேச வரவில்லை; நிமிடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் கணக்குப் பேசுகிறானே என்று நகைக்க வேண்டாம். இந்தக் கணக்குக்குப் பட்டம் தேவையில்லை. கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்திலே யுவால்டே என்றோர் ஊர். நம் சாத்தூரைவிடச் சிறிய ஊர். 2022ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், அவ்வூர்த் தொடக்கப் பள்ளிக்குள் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். காலை 11 மணி 33 நிமிடம். மூன்றே நிமிடத்தில் காவலர்கள் பள்ளிக்குள் வந்துவிட்டார்கள். ஆம், மூன்றே நிமிடத்தில்! "ஆகா, அல்லவோ காவல்துறை!" என்று வியக்கத் தோன்றுகிறதா? பொறுங்கள். வந்தவர்கள் வகுப்பறைக் கதவருகே சென்றார்கள், உள்ளிருந்து குண்டு பாய்ந்தது, பின்வாங்கினார்கள். பின்வாங்கியவர்கள் நின்றார்கள். பத்து நிமிடம் நின்றார்கள். அரை மணி நின்றார்கள். ஒரு மணியும் நின்றார்கள்! மேலும் மேலும் படை வந்து குவிந்தது. மொத்தம் 376 பேர்! கவசம் உண்டு, கருவி உண்டு, கட்டளையிடத்தான் ஆளில்லை. சாவி வரட்டும் என்றார்கள். அந்தக் கதவு பூட்டியே இருக்கவில்லை என்று மாநிலக் காவல்துறைத் தலைவரே பின்னர் சாட்சியம் சொன்னார். உள்ளே, செத்தவர்களுக்கு நடுவே கிடந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் தொலைபேசியிலே காவல்துறையை அழைத்துக்கொண்டிருந்தார்கள். காவல்துறையோ கதவுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் நின்றது. 77 நிமிடங்கள் கழிந்த பிறகே கதவு திறக்கப்பட்டது, கொலைகாரன் வீழ்த்தப்பட்டான். மாண்டவர்கள் 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள்.

பள்ளிக்கு வெளியே நடந்தது இன்னும் கொடுமை. செய்தி கேட்டு ஓடிவந்த பெற்றோர் கதறினார்கள். "நீங்கள் போகாவிட்டால் எங்களையாவது போகவிடுங்கள்" என்று மன்றாடினார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துவதிலே மட்டும் அன்று காவல்துறை தளரவில்லை! ஒரு தாயின் கைகளுக்கு விலங்கும் பூட்டினார்கள்.

விதி இல்லாமலா இது நடந்தது? இருந்தது, தோழர்களே, தெளிவாக இருந்தது. 1999 ஏப்ரல் 20ஆம் நாள், கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியிலே இரு மாணவர்கள் சுட்டுத் தள்ளியபோது, வந்த காவலர் பழைய முறைப்படி பள்ளியைச் சூழ்ந்து நின்று சிறப்புப் படைக்காகக் காத்திருந்தார்கள். குண்டடிபட்ட ஆசிரியர் ஒருவர் குருதி வடிந்தபடி கிடந்தார். "ஒருவர் குருதி இழந்து சாகிறார்" என்று பலகையில் எழுதிச் சன்னலிலே வைத்தார்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்தே படை அவரிடம் வந்தது. அவர் பிழைக்கவில்லை. பன்னிரண்டு மாணவர்களும் அந்த ஆசிரியருமாகப் பதின்மூன்று உயிர்களைப் பறிகொடுத்த பிறகு அந்நாடு ஒரு பாடம் கற்றது. 'காத்திராதே, முதலில் வந்தவன் முதலில் உள்ளே போ, கொலைகாரனை நிறுத்து, பிறகு காயம்பட்டவரைக் காப்பாற்று' என்பதே அந்தப் பாடம். நாடெங்கும் அதைக் காவலர்களுக்குப் பயிற்றுவித்தார்கள். யுவால்டேயிலும் பயிற்றுவித்தார்கள், எப்போது தெரியுமா? படுகொலைக்கு இரண்டே மாதங்களுக்கு முன்பு! ஏட்டிலே வீரம் இருந்தது. நாட்டிலே நடுக்கம் இருந்தது.

வேறு விதமாக நடந்ததும் உண்டு. 2023 மார்ச் 27ஆம் நாள், நாஷ்வில் நகரப் பள்ளியொன்றிலே துப்பாக்கி வெடித்தது. அழைப்பு வந்து பதினான்காவது நிமிடத்தில் கொலையாளி வீழ்த்தப்பட்டான். வந்த காவலர்கள் வாயிலிலே நிற்கவில்லை. அறை அறையாகத் தேடிக்கொண்டே மேலேறினார்கள். பாராட்டுகிறேன், தலை வணங்குகிறேன். ஆனால் அங்கும் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் மாண்டார்கள். விரைந்து வந்தாலும் ஆறு உயிர்! அப்படியானால் என்ன விளங்குகிறது? ஓடிவருவது பாதிக் கடமைதான். வரவேண்டிய நிலையே வராமல் பார்ப்பது மீதிக் கடமை. யுவால்டேக் கொலைகாரன் தன் பதினெட்டாவது பிறந்தநாள் கழிந்த சில நாட்களுக்குள் சட்டப்படியே அந்தத் துப்பாக்கியை வாங்கினான். விற்றபோது விழித்திருக்காத சட்டம், வெடித்த பிறகு விழித்து என்ன பயன்?

"தம்பி, அது அமெரிக்கா! அங்கே துப்பாக்கி கடைச் சரக்கு. நம் கரிசல் சீமைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று பெரியவர் ஒருவர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. தொடர்பு உண்டு ஐயா! நம்மூரிலே மருந்து என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மற்ற ஊர்க்காரனுக்கு மருந்து என்பது நோய் தீர்ப்பது. நமக்கு அது வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த கலவை. அந்த மருந்து அறையில் உராய்வு ஏற்பட்டால், அந்தக் கணத்திலிருந்து நம்மூர்க் கடிகாரமும் ஓடத் தொடங்குகிறது.

2012 செப்டம்பர் 5ஆம் நாள். நாடெங்கும் ஆசிரியர் நாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையொன்றிலே நண்பகல் வேளையில் வெடி கிளம்பியது. அந்த ஆலையின் உரிமம் விதிமீறல்களுக்காக ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. உரிமம் நின்றது; உற்பத்தி நிற்கவில்லை! முதல் வெடியோசை கேட்டதும் சுற்றுப்பட்டிகளிலிருந்து மக்கள் ஓடினார்கள். எதற்கு? தூக்கிவிட ஓடியவர் உண்டு. தண்ணீர் கொண்டு ஓடியவர் உண்டு. உறவினரைத் தேடி ஓடியவர் உண்டு. என்னவென்று பார்க்க ஓடியவரும் உண்டு. ஓடியவர்கள் நெருங்கிய நேரத்திலே இருப்பு வைத்திருந்த இடம் வெடித்தது. ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். அவர்களிலே பலர் அந்த ஆலையில் ஒரு நாளும் கூலி வாங்காதவர்கள்! கையை நீட்டிய குற்றத்துக்காகக் கரியானவர்கள்!

இப்போது இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யுவால்டேயிலே உள்ளே போகவேண்டிய காவலர் வெளியே நின்றார்கள். முதலிப்பட்டியிலே வெளியே நிற்கவேண்டிய மக்கள் உள்ளே போனார்கள். அங்கே போதுமான படை இருந்தும் துணிவில்லை. இங்கே துணிவுக்குக் குறைவில்லை, 'நில்' என்று சொல்ல ஆளில்லை. ஒன்று தயக்கத்தின் கதை. மற்றொன்று அவசரத்தின் கதை. ஆனால் நோயின் வேர் ஒன்றுதான். அந்த நாளிலே யார் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த நாளுக்கு முன்பே முடிவாகி, பழகி, மனத்திலே பதிந்திருக்கவில்லை.

இங்கிருந்து ஒரு மணிப் பயணம் மதுரை. அந்த மதுரையிலே பாண்டியன் செய்த பிழை என்ன? தாமதமா? இல்லை! பொற்கொல்லன் சொன்ன மாத்திரத்தில், ஆராயாமல் அவசரப்பட்டான். உண்மை தெரிந்தபோது கோவலன் உயிரோடில்லை. உயிரையே கொடுத்தான் மன்னன், கோவலன் மீண்டானா? ஆகவே, வேகம் வேண்டும் என்று மட்டும் நான் கேட்கவில்லை. அறிவோடு கூடிய வேகம் வேண்டும் என்று கேட்கிறேன்.

அந்த அறிவு என்ன? சொல்கிறேன், கேளுங்கள்.

1958 டிசம்பர் முதல் நாள், சிகாகோ நகரத்துப் பள்ளியொன்றிலே தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி ஓடோடி வந்தது. ஆனால் பள்ளிக்கு வரவில்லை, பக்கத்துத் தெருவில் இருந்த பாதிரியார் இல்லத்துக்கு வந்தது! முகவரி தவறு. அதைத் திருத்தி வந்து சேர்வதற்குள் பொன்னான நிமிடங்கள் போயின. 92 மாணவர்களும் 3 கன்னித்துறவியரும் மாண்டார்கள். அதன் பிறகு அந்நாட்டார் பள்ளிக் கட்டடங்களின் தீ விதிகளையே மாற்றி எழுதினார்கள். தீ ஒத்திகையைக் கடுமையாக்கினார்கள். அவர்கள் பாடம் கற்று நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பிறகு, 2004 சூலை 16ஆம் நாள், நம் கும்பகோணத்திலே என்ன நடந்தது? சத்துணவுச் சமையற்கட்டிலே கிளம்பிய நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது, குறுகிய படிக்கட்டிலே பிஞ்சுகள் நெரிபட்டன, 94 குழந்தைகள்! காவிரிக் கரையிலே அன்று அழாத கண் இல்லை. அழுதோம், ஆணையம் வைத்தோம், பள்ளிகளில் கீற்றுக் கூரையை நீக்கினோம். எல்லாம் சரி, ஆனால் 94 பேரைக் கொடுத்துத்தானா கூரை மாற்ற வேண்டும்?

பட்டாசுச் சீமைக்குத் திரும்புகிறேன். விதிகள் இல்லையா நமக்கு? 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அறைக்கு இத்தனை பேர், அறைக்கும் அறைக்கும் இத்தனை இடைவெளி, மருந்து இத்தனை எடை என்று எல்லாம் இருக்கின்றன. 'நாக்பூர் லைசென்சு' என்றால் நம்மூர்ச் சிறுவனுக்கும் தெரியும். ஆனால் ஆலையை உள்குத்தகைக்கு விட்டு, நால்வர் இருக்கவேண்டிய அறையில் பலரை அடைத்து, அறை போதாமல் மரத்தடியிலும் மருந்தைப் பரப்பி வைத்தால், விபத்து நாளிலே வருகிற தீயணைப்பு வீரனுக்கு எந்த அறையில் எவ்வளவு மருந்து, எத்தனை பேர் என்று எப்படித் தெரியும்? வரைபடம் ஒன்று, இடம் வேறொன்று! அலுமினியப் பொடி எரியும் இடத்தில் தண்ணீரைப் பாய்ச்சினால் தீ தணிவதில்லை, சீறும். அது தெரியாமல் அவன் எப்படி நெருங்குவான்? அவனைக் கோழை என்று ஏசாதீர்கள், தோழர்களே! அவனும் ஏழை வீட்டுப் பிள்ளை. இடம் எது, இருப்பு எது, இருப்பவர் யார் என்று சொல்லாமல் அவனை நெருப்புக்குள் அனுப்புகிற ஏற்பாட்டைத்தான் நான் சாடுகிறேன்.

2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூர் அருகே அச்சங்குளம். இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள். 2023 அக்டோபர் 17ஆம் நாள் ரெங்கபாளையமும் கிச்சநாயக்கன்பட்டியும். ஒரே நாளில் 14 உயிர்கள், அவர்களில் பலர் பெண்கள். 2024 பிப்ரவரி 17ஆம் நாள் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ராமுதேவன்பட்டி, 10 உயிர்கள். அதே ஆண்டு மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 சூலை முதல் நாள் சின்னக்காமன்பட்டி. பெயர்களை அடுக்கினால் அது நம் மாவட்டத்துப் பேருந்து வழித்தடம்போல நீள்கிறது! ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012 முதல் 2025 வரை நடந்த இவை அனைத்தும் ஒரே கொடியின் கீழ் நடந்தவை அல்ல. ஆட்சி மாறியது, வெடியோசை மாறவில்லை. எதிரி ஆட்சியிலே நடந்தால் முழங்குவோம், நண்பர் ஆட்சியிலே நடந்தால் முனகுவோம் என்றால், நம்மைப் பார்த்து அந்த ஆலைத் தொழிலாளியின் அனாதைப் பிள்ளை காறி உமிழும், உமிழ வேண்டும்! கோட்டையிலே யார் அமர்ந்திருந்தாலும் கேட்கும் நெஞ்சுரம் இருந்தால் மட்டும் இந்தத் துண்டைத் தோளில் போடுங்கள்.

கேட்க வேண்டியது என்ன? ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அறிக்கை வருகிறது. மாண்டவர் குடும்பத்துக்கு இத்தனை இலட்சம், காயம்பட்டவர்க்கு இத்தனை ஆயிரம் என்கிறது. ரூபாய்க் கணக்கு வருகிறது. நிமிடக் கணக்கு எங்கே? வெடித்தது எத்தனை மணிக்கு? அழைப்பு எப்போது போயிற்று? முதல் காவலர் எப்போது வந்தார்? கயிறு கட்டிக் கூட்டத்தைத் தடுத்தது எப்போது? தீயணைப்பு வண்டி எப்போது வந்தது? 108 ஊர்தி எப்போது புறப்பட்டது? வெந்த உடல் தீக்காயப் படுக்கைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது? இந்த ஏழு நேரங்களும் ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதப்பட்டு ஊரறிய வெளியிடப்பட வேண்டும். யுவால்டேயின் 77 நிமிடம் உலகுக்குத் தெரிந்தது எப்படி? குழந்தைகளை இழந்த பெற்றோர் ஓயவில்லை; சட்டமன்றக் குழு நிமிடம் நிமிடமாகக் கணக்கெடுத்து எழுதியது; நடுவண் நீதித்துறையும் 2024இல் அறிக்கை தந்தது. தவறு எந்த நிமிடத்தில் நடந்தது என்று தெரிந்தால்தானே அந்த நிமிடத்தைத் திருத்த முடியும்?

சிவகாசியிலிருந்து மதுரை அரசு மருத்துவமனைக்கு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். முதலிப்பட்டியில் வெந்தவர்களை அவ்வழியே கொண்டுபோனார்கள். 2022இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, வரவேற்கிறோம். தீக்காயத்துக்கென்று முழு அணியும் முழுக் கருவியும் இரவும் பகலும் இம்மாவட்டத்துக்குள்ளேயே ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பது பிச்சையல்ல. இந்தியாவின் பட்டாசில் மிகப் பெரும்பங்கைச் செய்து கொடுக்கிற கைகளுக்கு நாடு பட்டிருக்கிற கடன்.

இனி, அரசுக்குச் சொன்னது போதும், உங்களுக்குச் சொல்கிறேன். கிளைக் கழகம் என்றால் கொடி நடவும் சுவரொட்டி ஒட்டவும் மட்டும் என்று எண்ணாதீர்கள். ஆலை இருக்கிற ஒவ்வொரு பட்டியிலும் பத்து இளைஞர்கள் முன்வாருங்கள். வெடியோசை கேட்டதும் உள்ளே ஓடாதீர்கள். பாதையை மறித்து, ஓடிவருகிறவர்களை நிறுத்துங்கள். முதல் வெடி மட்டுமே வெடி என்று எண்ணாதீர்கள். கிடங்கு பிறகு வெடிக்கும் என்பது முதலிப்பட்டி எழுதிவைத்த பாடம். தாய் அழுவாள், தமையன் சீறுவான், கைகூப்பி நிறுத்துங்கள். யுவால்டேக் காவலர் தடுத்ததையும் இதையும் ஒன்றாக்காதீர்கள். அவர்கள் தாங்கள் போகாமல் பிறரைத் தடுத்தார்கள், நீங்களோ கிடங்கின் வாயிலிலிருந்து உயிர்களைத் தடுக்கிறீர்கள். ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்கும் 108க்கும் அழைத்து, ஆலையின் பெயர் மட்டுமல்ல, எந்தச் சாலை, எந்தத் திருப்பம் என்று சொல்லட்டும். மற்றொருவர் திருப்பத்திலே நின்று வண்டிக்கு வழிகாட்டட்டும். சிகாகோவில் தவறிய முகவரி செங்கமலப்பட்டியில் தவறக் கூடாது. போர்மேன் கிடைத்தால் எந்த அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டு, வருகிற வீரனிடம் சொல்லுங்கள். வெளியே வந்துவிட்டவர் உடலிலே மையும் மாவும் பூசாதீர்கள். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். தூய துணியால் போர்த்தி அனுப்புங்கள்.

இன்னொன்று. மரத்தடியில் மருந்து காய்வதைக் கண்டால், உள்குத்தகை நடப்பதை அறிந்தால், "நமக்கேன் வம்பு, நாலு பேர் பிழைப்பு" என்று நகராதீர்கள். பிழைப்பு என்ற சொல்லுக்குள்ளேயே உயிர் பிழைப்பதும் இருக்கிறது! வட்டாட்சியரிடம் சொல்லுங்கள், அவர் அசையாவிட்டால் ஆட்சியரிடம் சொல்லுங்கள், அவரும் அசையாவிட்டால் இந்த மேடைக்கு வாருங்கள். ஆலை முதலாளி நம் கட்சிக்கு நன்கொடை தந்தவராக இருக்கலாம், அப்போதும் சொல்லுங்கள். அதைச் சொல்ல நாக்குக் கூசினால், பெற்ற நன்கொடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்!

1996இல் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கிலே தீர்ப்பளித்தது. தீப்பெட்டி அடுக்கிய பிஞ்சுக் கைகளைப் பள்ளிக்கு அனுப்ப எத்தனையோ நல்லவர்கள் பாடுபட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று பள்ளியில் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார் ஆலையில் திரி செருகுகிறார்கள். மாலை மணி அடித்ததும் புத்தகப் பையோடு வீடு திரும்புகிற பிள்ளைக்குக் கதவு திறக்கத் தாய் இருக்க வேண்டும். யுவால்டேத் தாய்க்குப் பிள்ளை திரும்பவில்லை. நம் பட்டிப் பிள்ளைக்குத் தாய் திரும்பாமல் போகிறாள். எந்த நாட்டிலே, எந்த மொழியிலே அழுதாலும் அந்தக் கண்ணீருக்கு ஒரே கேள்விதான்: "நேரத்தோடு ஏன் வரவில்லை?"

அந்தக் கேள்வியை நீங்கள் நாளைக்கே கேளுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தின் முதல் தீர்மானமாக, ஏழு நேரங்களையும் வெளியிடும்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். பத்து இளைஞரின் பெயர்ப் பட்டியலையும் அன்றே எழுதி முடியுங்கள். அந்தப் பட்டியலில் முதற்பெயரை எழுதுகிறவர் எவரோ, அவரையே இந்த இயக்கத்தின் முதல் தொண்டர் என்று நான் கொண்டாடுவேன்.